இருபத்தைந்தாவது ஆவர்த்தனம்

எசன்
21 ஏப்ரல் 2025, திங்கட்கிழமை

ஆதிரைக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆறு வருடத்துக்குப் பிறகு எழுதுவதால் சுகம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். நாங்கள் மூவரும் சுகம். நீ எர்லாங்கனில் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறாய் என்று கம்சனா சொன்னாள். அவள் என்னைக் கேட்காமல் உன்னோடு தொலைபேசியில் கதைப்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறேன், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 14 அவளுடைய அரங்கேற்றம். கடைசித் தில்லானாவுக்கு அவள் மேடையில் ஆட, பின்னால் திரையில் கணினியில் செய்த ஒரு பெண்ணும் அவளோடு சேர்ந்து ஆட வேண்டும், அதைச் சித்திதான் செய்து தர வேண்டும் என்று ஜனவரியிலேயே உன்னோடு பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள். நான் மறுக்கவில்லை. நீ அனுப்பிய ஹார்ட் டிஸ்க் வந்தது. உன் அத்தான் வழக்கமாகக் கல்யாண வீடியோக்கள் வெட்டி ஒட்டும் கணினியில் அதை ஏற்றி, போன சனிக்கிழமை நான் வகுப்பு எடுக்கும் மண்டபச் சுவரில் போட்டுக் காட்டினார். பார்த்துவிட்டு நான் வெளியே போய் நின்றேன்.

இரண்டு பிழை. முதலாவது, அவள் மொத்தம், நல்ல பருமன். மொத்தமாக இருப்பது குற்றமில்லை. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான், நன்றாக ஆடுகிறார்கள். ஆனால் கம்சனா கேட்டது தன்னைப்போல ஒருத்தி. வந்திருப்பவளோ ஒன்றரைக் கம்சனா. அதிலும் அவளுக்கு நீ உடுத்திவிட்டிருப்பது என் அரங்கேற்ற உடுப்பின் பச்சையும் அரக்கும். இரண்டாவது, அவளுக்குத் தாளமில்லை. கம்சனா இன்னும் ஆடிக்கொண்டிருக்க, இவள் முடித்துக் கும்பிட்டுவிட்டு நிற்கிறாள்.

எனக்கு எது ஞாபகம் வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். கம்சனாவின் பதினோராவது பிறந்தநாளுக்கு உன் அத்தான் புதுத் தொலைக்காட்சியில் என் அரங்கேற்றக் கசெட்டைப் போட்டார். நாற்பது பேர் இருந்த வீட்டில் நீ என்ன சொன்னாய்? "இஞ்ச பாருங்கோ, அக்கா அப்ப சோறு காய்ச்சுற கிடாரம் மாதிரியெல்லோ இருந்திருக்கிறா." எல்லாரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தா. ஆறு வருடம் கழித்து அதே கிடாரத்தை, அதே நிறத்தில் செய்து தபாலில் அனுப்பியிருக்கிறாய்.

மே 24 வாத்தியக்காரரோடு ஒத்திகை. அதற்குள் இது சரிவந்தால் சரி. வராவிட்டால் திரையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கம்சனா தனியாக ஆடுவாள். ஹார்ட் டிஸ்க்கை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தொலைபேசி எடுக்காதே. எழுது.

சரளா

*

எர்லாங்கன்
25 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிரித்த பிறகு, பிரிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இருந்தாலும் உங்கள் கையெழுத்து.

தொலைபேசி எடுக்காதே என்கிறீர்கள். என் இலக்கத்தை ஆறு வருடமாகத் தடுத்து வைத்திருப்பது நீங்கள். மன்னிப்புக் கேட்டு அனுப்பிய மூன்று செய்தியும் உங்களுக்கு வந்து சேரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை இப்போது விடுவோம்.

அவளை நான் மொத்தமாகச் செய்யவில்லை. என் திரையில் அவள் முருங்கைக்காய் மாதிரி இருக்கிறாள். மூன்று மாதம், வேலை முடிந்து வந்து ஒவ்வொரு நாளும் அவளோடுதான் இருந்தேன். வேலையிடத்தில் நான் செய்வது மருத்துவக் கருவிகள் எப்படி இயங்குகின்றன என்று வைத்தியர்களுக்கு விளக்கும் படங்கள். பகல் முழுக்க வால்வுகளைத் திறந்து மூடிவிட்டு, மாலையில் அவளுக்கு அரைமண்டி பழக்கினேன். பச்சையும் அரக்கும் போட்டது நீங்கள் பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள் என்று. அது இப்படிப் போகும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். வீடியோப் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. என் கணினியில் ஒவ்வொரு புள்ளியும் சதுரம். பழைய கசெட் காலத்து வீடியோவில் புள்ளி சதுரமில்லை, அகலமான கட்டம். சதுரக் கட்டத் தாளில் வரைந்த ஆளைக் கட்டத்துக்குக் கட்டம் எண்ணி அகலக் கட்டத் தாளில் வரைந்தால், உயரம் அப்படியே இருக்கும், ஆள் பருத்துவிடுவாள். அத்தானின் கணினியில் இதுதான் நடக்கிறதோ தெரியாது. அவளுக்குப் பின்னால் ஒரு நிலா வைத்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் சுவரில் போட்டு, அகலத்தையும் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். படத்தின் பிரதி அத்தானிடம் இருக்கும்.

தாளம் பற்றி. கம்சனா அனுப்பிய ஒலிப்பதிவை வைத்து, மிருதங்கத்தின் ஒவ்வொரு அடிக்கும் அவளுடைய பாதத்தைப் பொருத்தியிருக்கிறேன். அதில் பிழை வர வழியில்லை. விமலநாதன் அண்ணை மிருதங்கத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கிறாரோ என்று பாருங்கள். அவருக்கும் வயது போகுதுதானே.

ஆதிரை

*

எசன்
2 மே 2025

ஆதிரைக்கு,

உன் கடிதத்தில் விமலநாதன் அண்ணையைப் பற்றிய வரியைக் கறுப்புப் பேனையால் அழித்துவிட்டேன். கம்சனா வாசித்து அவரிடம் சொல்லிவிட்டால் பீலெஃபெல்டிலிருந்து அந்த மனிதர் வரவே மாட்டார். முப்பது வருடமாக எனக்கு வாசிக்கிறவர். அவர் இழுப்பதென்றால் பூமியும் இழுக்க வேண்டும்.

ஆனால் நீ கேட்டதைச் செய்தேன். உடுப்புத் தைக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு போய், நாற்காலியில் ஏறி நின்று உன் நிலாவை அளந்தேன். உயரம் சரியாக ஒரு மீற்றர் வரும்படி உன் அத்தான் புரொஜெக்டரைத் தள்ளி வைத்தார். அகலம் ஒரு மீற்றர் நாற்பத்தாறு சென்ரிமீற்றர். அது நிலா இல்லை, முட்டை.

தாளத்தையும் சும்மா விடவில்லை. ஞாயிறு மத்தியானம் வீட்டில் பாட்டை நிறுத்திவிட்டு, உன் படத்தை மட்டும் ஓடவிட்டு, விமலநாதன் அண்ணையின் காலத்துக்குத் தட்டுக்கழியால் தட்டி எண்ணினேன். கீழ்வீட்டு ஃப்ராவ் கெர்பர் மணியடித்தா. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடுவதற்குத்தான் ஏசப்போகிறா என்று கதவைத் திறந்தால், ஏன் நிறுத்தி நிறுத்தித் தட்டுகிறீர்கள், எப்போதும் போலத் தட்டினால் எனக்குப் பழக்கம் என்கிறா.

பிறகு துவாயை மடித்துப் போட்டு அதன்மேல் தட்டினேன். கேள். நான் தாளத்தை இருபத்துநான்கு தரம் சுற்றி, இருபத்துநான்கு ஆவர்த்தனம் போட்டு முடிக்க, உன்னுடையவள் இருபத்தைந்து முடித்துவிடுகிறாள். இருபத்தைந்தரை இல்லை, இருபத்தாறும் இல்லை. முதல் தடவை என் கையில் பிழை என்று நினைத்தேன். மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் அதே இடத்தில்தான் அவள் ஒரு ஆவர்த்தனம் முன்னுக்கு நிற்கிறாள். இடையில் எங்கும் தடுமாறவில்லை, ஓடவில்லை. முதல் அடியிலிருந்தே ஒரே சீராக அவசரப்படுகிறாள். இப்படிப் பிழை விடும் பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை. மனிதப் பிள்ளை என்றால் ஓரிடத்தில் பிழைவிட்டு ஓரிடத்தில் பிடிக்கும்.

உன் அத்தான் தன் கணினியில் பிழையில்லை என்கிறார். பஸ் ஓட்டுகிற மனிதருக்குத் தான் ஓட்டுவதில் பிழை என்று யாரும் சொல்லக்கூடாது.

இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது.

சரளா

*

எர்லாங்கன்
6 மே 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் வாசித்தேன். இருபத்துநான்குக்கு இருபத்தைந்து என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் யாருக்கும் ஏதும் நடந்துவிட்டதோ என்று கேட்டார். என் அக்கா கண்டுபிடித்துவிட்டா என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

பிழை என்னுடையது. விமலநாதன் அண்ணையிடம் மனதுக்குள் நூறு தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஓடும் படம் என்பது நின்ற படங்களின் வரிசை. நான் படித்த இடத்தில் ஒரு செக்கனுக்கு இருபத்துநான்கு படம் செய்யப் பழக்கினார்கள், சினிமாக் கணக்கு. கை அந்தப் பழக்கத்திலேயே போய்விட்டது. இங்கே தொலைக்காட்சிக்கும் வீடியோவுக்கும் செக்கனுக்கு இருபத்தைந்து. அத்தானின் கணினி என் படங்களை எடுத்துச் செக்கனுக்கு இருபத்தைந்தாக ஓட்டியிருக்கிறது. ஒவ்வொரு செக்கனிலும் அடுத்த செக்கனின் ஒரு படத்தைத் தின்றுவிடுகிறது. நாலு நிமிடத் தில்லானாவில் கிட்டத்தட்டப் பத்துச் செக்கன் முன்னுக்குப் போய்விடும். அதனால்தான் அவள் முதலே கும்பிட்டுவிட்டு நிற்கிறாள்.

இதைக் கண்டுபிடிக்க எங்கள் வேலையிடத்தில் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறோம். நீங்கள் துவாயில் தட்டிக் கண்டுபிடித்தீர்கள். பெருமையாக இருக்கிறது, சொல்லாமல் விட ஏலாது.

அத்தானின் கணினியில் வேகத்தை மட்டும் குறைத்தால் போதாதா என்று அவர் கேட்பார். போதாது. அப்படிச் செய்தால் செக்கனுக்கு ஒரு படம் இரண்டு தரம் வரும், கால் தட்டுகிற இடத்தில் அவளுக்கு விக்கல் எடுக்கும். முழுவதையும் இருபத்தைந்துக்குப் புதிதாகச் செய்து எடுக்கிறேன். ஆறாயிரம் படம். என் கணினி இன்று தொடங்கிவிட்டது.

உங்கள் முட்டைக்கும் விடை கிடைத்தது. நூறுக்கு நூற்று நாற்பத்தாறு என்பது அகலத் திரைக்காக வைத்த பழைய வீடியோப் புள்ளியின் கணக்கு. அத்தானிடம் படத்தின் அளவைக் கேட்டேனே தவிர, புள்ளியின் வடிவத்தைக் கேட்கவில்லை. அதுவும் என் பிழைதான்.

இனி ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். புள்ளியை அகலமாக்கும் அந்த அமைப்பை அத்தான் தன் கணினியில் முதன்முதலில் எதற்காகச் செய்தார்? புதுத் தொலைக்காட்சி வாங்கிய நேரம், உங்கள் கசெட்டை அதில் போடுவதற்காகவா? அப்படியானால் அந்தக் கசெட் எனக்கு வேண்டும். ஏன் என்று பார்த்த பிறகு எழுதுகிறேன்.

ஆதிரை

*

எசன்
12 மே 2025

ஆதிரைக்கு,

கசெட் தரமாட்டேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். போய்ப் பார்த்தால் அலுமாரியில் அது இல்லை. அது இருந்த இடத்தில் மட்டும் தூசியில்லை. உன் அத்தான் மூன்று நாளாக என் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி குடிக்கிறார். ஆகவே அது இப்போது உன்னிடம் இருக்கிறது.

அதைப் போட்டுப் பார்க்காதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. பார்க்கிறதென்றால் தனியாகப் பார். பக்கத்து மேசைக்காரருக்குக் காட்டாதே.

உனக்கு ஒன்று தெரியாது, உன் அத்தானுக்கும் தெரியாது. அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு நான் மேடையில் ஆடவில்லை. முழங்கால் நோ என்று எல்லாருக்கும் சொன்னேன். வைத்தியரிடம் தெர்மீன் எடுத்து, அவர் தந்த நேரத்துக்குப் போய்ப் படமும் பிடித்தேன், அந்த மனிதர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இருபது வயதுக்காரியின் முழங்கால் என்றார். என் முழங்காலில் ஒன்றுமில்லை. மேடைக்குப் போனால் சனத்துக்கு நான் எப்படித் தெரிவேன் என்ற எண்ணம் வந்துவிடுகிறது, பிறகு கால் எழும்பாது. அந்தக் கசெட்டைப் பார்க்கும்வரை என்னை நான் அப்படி நினைத்ததேயில்லை. ஆடிக்கொண்டிருந்தபோது என் உடம்பு எனக்கு இறகு மாதிரி இருந்தது. பொய்யாக நினைத்திருக்கிறேன் போல என்று பட்டது.

ஏன் இதை உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இதை ஒருவரிடமும் சொல்லாதே.

சரளா

*

எர்லாங்கன்
17 மே 2025

அக்கா,

பார்த்தேன். தனியாகத்தான் பார்த்தேன்.

நீங்கள் பொய்யாக நினைக்கவில்லை.

உங்கள் கசெட் 1997இல் எடுத்தது, பழைய பெட்டித் தொலைக்காட்சியின் வடிவம். அத்தான் அதைப் புதுத் தொலைக்காட்சியின் அகலத்துக்கு நிரம்ப இழுத்துவிட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கக் கூடாது என்று நினைத்திருப்பார், அந்த நேரம் எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்தார்கள். அதனால் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிட்டது. உங்களுக்கு மட்டுமில்லை. அதே படத்தில் விமலநாதன் அண்ணையின் மிருதங்கம் பீப்பாய் மாதிரி இருக்கிறது, குத்துவிளக்கு குடம் மாதிரி இருக்கிறது. அன்றைக்கு அந்த அறையில் இருந்த நாற்பது பேரில் ஒருவரும் குத்துவிளக்கைப் பார்க்கவில்லை. படம் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் நானும் பார்க்கவில்லை.

புள்ளியைச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். பத்தொன்பது வயதுச் சரளா வந்து நின்றா. அதிலிருந்து ஒரு படத்தைத் தாளில் அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நான் திருத்தியது புள்ளியை மட்டும்தான். உங்களில் ஒரு மயிரிழையும் தொடவில்லை.

ஆனால் இதோடு என் கணக்குத் தீர்ந்துவிட்டதென்று நான் நினைக்கவில்லை. நீங்கள் உண்மையிலேயே கிடாரம் மாதிரி இருந்திருந்தாலும் நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு நான் ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். உங்கள் அரங்கேற்றத்தன்று எனக்குப் பன்னிரண்டு வயது. பக்க வாசலில் நின்று பார்த்தேன். என்னால் ஒருநாளும் இப்படி ஆட ஏலாது என்று அன்றே விளங்கிவிட்டது. பதினேழு வயதில் நான் வகுப்பை விட்டது கணிதப் பரீட்சைக்காக இல்லை. உங்களில் ஒரு குறை கண்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. அந்தச் சந்தோஷம்தான் வாயால் வந்தது. அதற்காக உங்கள் ஆறு வருடம் போயிருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

புதுப் படம் இந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அத்தானுக்குத் தனித் தாளில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன்: சதுரப் புள்ளி, செக்கனுக்கு இருபத்தைந்து படம். அதைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்கச் சொல்லுங்கள். பழையதைத் திறக்கவே வேண்டாம். ஒத்திகைக்கு முன் அளந்து பாருங்கள், எண்ணிப் பாருங்கள். சரியில்லையென்றால் திரையைச் சுருட்டுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அரங்கேற்றத்துக்கு நான் வரலாமா என்று கேட்க நினைத்தேன். இந்தக் கடிதத்தில் கேட்பது சரியில்லைப் போல இருக்கிறது.

ஆதிரை

*

எசன்
27 மே 2025

அன்புள்ள தங்கச்சி,

நிலா ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர். இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு. விமலநாதன் அண்ணை கடைசித் தீர்மானச் சொற்கட்டை வாசித்து முடிக்க, கம்சனாவும் திரைக்காரியும் ஒரே அடியில் நின்றார்கள். அண்ணை மிருதங்கத்தை இறக்கி வைத்துவிட்டு, இந்தப் பிள்ளை ஆரிட்டப் படிச்சது என்று கேட்டார். தங்கச்சி செய்தது என்றேன். "அப்ப உங்கட வீட்டுத் தாளம்தான்" என்றார். அவர் இழுக்கிறார் என்று நீ எழுதியதை நான் கடைசிவரைக்கும் சொல்லவில்லை. உன் அத்தான் இப்போது வருகிறவர்கள் எல்லாருக்கும் புள்ளியின் வடிவத்தைப் பற்றி வகுப்பு எடுக்கிறார்.

நீ அனுப்பிய படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி மட்டும் வைத்தேன். கம்சனா பாலெடுக்கப் போனவள் பெட்டியை மூடாமலே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா, இது நீங்களா என்றாள். பிறகு, உங்கட முழங்கால் உண்மையா நோகுதா என்று கேட்டாள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை.

இப்போது அவள் பிடிவாதம் பிடிக்கிறாள். தில்லானாவுக்குத் திரையில் ஒருத்தி, மேடையில் தான், பக்கத்தில் அம்மா. மூன்று பேர். இல்லையென்றால் தில்லானாவே இல்லை என்கிறாள். முடியாது என்றேன். நேற்று மண்டபத்தில் ஒருவரும் இல்லாத நேரம் போய் ஆடிப்பார்த்தேன். கால் எழும்பியது. மூச்சு வாங்கியது, அது வேறு விஷயம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. நட்டுவாங்கத்துக்கு இருப்பவள் நான். ஆடிக்கொண்டு தாளம் போட ஏலாது. பாடுகிறவரும் மிருதங்கக்காரரும் மனிதர்கள், சற்று நிற்பார்கள், சற்று ஓடுவார்கள். திரையில் இருப்பவள் யாருக்காகவும் நிற்க மாட்டாள். அவளுடைய காலைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்து, எங்கள் எல்லாரையும் அவளோடு கட்டி வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும். அவளுடைய ஒவ்வொரு அடியும் எப்போது விழும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் ஒருத்திதான். உன் கைக்குத் தாளம் தெரியும். வகுப்பில் எனக்குத் தாளம் போட்டது நீதான், ஆட மாட்டேன் என்று விட்டதுதான் உன் விசர்.

வரலாமா என்று கேட்க நினைத்தேன் என்று எழுதியிருந்தாய். பார்க்க வருவதென்றால் கேட்டிருக்கலாம். இது வேலைக்கு வருவது. அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது, நட்டுவாங்கம் என்ற இடத்தில் தில்லானாவுக்கு உன் பெயரைப் போட்டுவிட்டேன். திருப்பி எடுக்க முடியாது.

அக்கா

*

எர்லாங்கன்
31 மே 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள். இரண்டு நாளும் சாப்பாட்டு மேசையில் இரண்டு கரண்டிகளை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இருபத்துமூன்று வருடமாகத் தாளத்தைக் கையில் எடுக்காதவளை நானூறு பேருக்கு முன்னால் இருத்தப் போகிறீர்கள். முடியாது என்று ஒரு கடிதம் எழுதினேன். நியாயமான காரணங்கள் நாலு இருந்தன. நாலையும் வாசித்துப் பார்த்தேன், நாலிலும் பயம்தான் இருந்தது. கிழித்துவிட்டேன்.

படம் ஓடவிட்டுப் பாட்டில்லாமல் முழுத் தில்லானாவும் தட்டிப் பார்த்தேன். முதல் தடவை நடுவில் தவறிவிட்டேன். அவள் நிற்கவில்லை, நீங்கள் சொன்னது உண்மைதான். ஆறாவது தடவை கடைசி அடிவரை அவளோடு போனேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பசித்தது, முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

அரங்கேற்றத்துக்கு நாலு நாள் முன்னதாகவே வாறன். உங்களோடு சேர்ந்து ஒத்திகை பார்க்காமல் மேடையில் இருக்க மாட்டேன். வேலையில் விடுமுறை கேட்டேன், காரணம் என்ன என்றார்கள். அக்கா ஆடுறா என்றேன்.

ஜூன் 10, செவ்வாய், பின்னேரம் ஆறு நாற்பதுக்கு ரயில் எசனுக்கு வரும். வந்தால். இந்த நாட்டு ரயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு வழி தெரியும், ஒருவரும் ஸ்டேஷனுக்கு வரவேண்டாம் என்று எழுதத்தான் நினைத்தேன்.

நீங்கள் வாங்கோ.

ஆதிரை